எழுதிக் கொடுத்துவிட்டால் போதுமா?

மத்திய அரசு அலுவலகத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் சாப்பாட்டு வேளையில் கேட்டார்: "சார், கடை மனைவி பேர்லதான். ஆபீஸ்ல எழுதியும் குடுத்துட்டேன். அப்புறம் என்ன?" நானும் ஒரு காலத்தில் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். லஞ்சம் வாங்காதே, ஆபீஸ் நேரத்தில் சொந்த வியாபாரம் பார்க்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். தெரியாமல் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எழுதிக் கொடுத்ததோடு முடிந்தது என்று நினைப்பது

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகளில் விதி 15, முன் அனுமதி இல்லாமல் நீங்கள் வியாபாரம் செய்யக் கூடாது, குடும்பத்தார் செய்தால் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பலரும் அதோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். விதி 4(3) தனி. குடும்பத்தாருக்குத் தொடர்புள்ள ஒப்பந்தம் உங்கள் மேசைக்கு வந்தால் நீங்கள் அதைக் கவனிக்கவே கூடாது, மேலதிகாரிக்கு அனுப்பிவிட வேண்டும்.

எனக்கு இது ஆபீஸுக்குப் பிரின்டர் டோனர் வாங்கும்போது புரிந்தது. மூன்று விலைப்புள்ளிகள் வந்தன. ஒன்று, என் மனைவி பங்குதாரராக இருந்த கடையுடையது. கடையைப் பற்றி ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்ததால் தைரியமாக ஒப்பீட்டுப் பட்டியலை நானே போட்டேன். அந்தக் கடை விலைதான் குறைவு. கீழே சுருக்கொப்பமும் போட்டேன். இரண்டாவதாக வந்தவர் புகார் எழுதினார்.

விசாரணையில் "விலை சரிதானே சார்?" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். விலையை யாருமே கேட்கவில்லை. பட்டியலைத் திருப்பிக் காட்டி, "இது உங்க இனிஷியல்தானே?" என்றார்கள். ஒரு வருட இன்கிரிமென்ட் போனது.

உறையைப் பிரித்து அந்தப் பெயரைப் பார்த்தவுடன் கோப்பில் இரண்டு வரி எழுதியிருக்கலாம்: "இந்நிறுவனத்தில் என் மனைவி பங்குதாரர். இக்கோப்பை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன்." ஐந்து நிமிட வேலை. இன்றும் பார்க்கிறேன், கையெழுத்தை மட்டும் பக்கத்து சீட்டுக்காரரிடம் வாங்கிவிட்டுப் பட்டியலைத் தானே தயாரிக்கிறார்கள். கொள்முதல் குழுவில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் விலகி நிற்பதா? எரிச்சலாக வருகிறது.

பினாமியாக நடத்துவது

வேறொருவர் பெயரில் நீங்களே நடத்தினாலும் தப்ப முடியாது. விதி 15-இல் "நேரடியாகவோ மறைமுகமாகவோ" வியாபாரம் செய்யக் கூடாது என்றே இருக்கிறது.

மனைவியின் காப்பீட்டு முகமைக்கு ஆள் பிடிப்பது

அவர் நடத்தலாம், நீங்கள் தெரிவித்தால் போதும். ஆனால் ஆபீஸில் "ஒரு பாலிசி போடுங்க" என்று நீங்கள் கேட்பது விதிமீறல். கீழே வேலை செய்பவரால் மறுக்க முடியுமா?

துறை நடவடிக்கையோடு போய்விடும் என்பது

போகாது. சட்டம் தடுத்திருக்கும்போது வியாபாரம் செய்யும் அரசு ஊழியருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 202-ஆம் பிரிவில் ஓராண்டு வரை வெறுங்காவல், அதாவது கடின உழைப்பில்லாத சிறை, உண்டு.

கவிதைக்கும் பயப்படுவது

எப்போதாவது கதை, கவிதை எழுத முன் அனுமதி வேண்டாம். ஆபீஸ் வேலை கெடாமல் இருந்தால் சரி.