தானே ஓடும் டிராக்டர் கிட்: ஸ்டீயரிங்கை நம்பிக் கெட்ட கதை

போன வாரம் இரண்டு இளைஞர்கள் தாங்கள் செய்த கிட்டைக் காட்டினார்கள். பழைய டிராக்டரில் பொருத்தினால் வண்டி தானே நேர்கோட்டில் ஓடும். வேலை சுத்தமாக இருந்தது. குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தேன். அங்கே எதுவுமே இல்லை. "சக்கரக் கோண சென்சார் எங்கே தம்பி?" என்றேன். "ஸ்டீயரிங் மோட்டார்லயே என்கோடர் இருக்கே அண்ணா, அது போதாதா?" என்றான் ஒருவன். மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று எண்ணும் சென்சார்தான் என்கோடர். அதுவே போதும் என்று ஒரு காலத்தில் நானும் சொன்னவன்தான்.

இப்படிக் கிட் செய்பவர்கள் சறுக்கும் இடங்களைக் கீழே சொல்கிறேன். வயரை மாற்றிச் சொருகுவது, போல்ட்டை முறுக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் புகையும் சத்தமுமே சொல்லிக்கொடுத்துவிடும்.

ஸ்டீயரிங் திரும்பியதை வைத்துச் சக்கரம் திரும்பியதைக் கணக்கிடுவது

காரில் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தண்டும் பல்சக்கரமும் இருக்கும். ஹைட்ரோஸ்டேடிக் ஸ்டீயரிங் உள்ள டிராக்டரில் நடுவே இருப்பது எண்ணெய் மட்டும். ஸ்டீயரிங்கைச் சுற்றினால் அளந்த எண்ணெய் சிலிண்டருக்குப் போகும், சிலிண்டர் சக்கரத்தைத் தள்ளும். எண்ணெயை அளந்து அனுப்பும் அந்தக் கருவிக்குள் எப்போதும் கொஞ்சம் கசிவு உண்டு. எண்ணெய் சூடாகி நீர்த்தால் இன்னும் கசியும்.

எங்கள் முதல் கிட் காலையில் கயிறு கட்டினாற்போல் ஓடியது. மதியம் பாம்பு மாதிரி நெளிந்தது. மென்பொருளில்தான் கோளாறு என்று மூன்று வாரம் எண்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தோம். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. கடைசியில் ஸ்டீயரிங் உச்சியில் ஒரு சிவப்பு டேப்பை ஒட்டினேன். வரிசையின் தொடக்கத்தில் டேப் கடிகாரத்தின் 12 இருக்கும் இடத்தில் இருந்தது. வரிசை முடியும்போது முன்சக்கரம் நேராகத்தான் நின்றது. டேப் 2-க்குப் போயிருந்தது. அதாவது 60 டிகிரி நழுவல்.

அந்த வண்டியில் ஸ்டீயரிங் நான்கு சுற்று சுற்றினால் சக்கரம் மொத்தம் 80 டிகிரி திரும்பும். அப்படியானால் கணினிக்குக் கிடைத்தது மூன்று டிகிரிக்கும் மேலான பொய். முன், பின் அச்சுகளுக்கு நடுவே 2 மீட்டர் இடைவெளி உள்ள வண்டியில் சக்கரம் ஒரு டிகிரி தவறினாலே, 6 மீட்டர் ஓடுவதற்குள் சுமார் 16 செ.மீ. விலகிவிடும். கூரைமேல் 2 செ.மீ. துல்லியம் தரும் ஆர்டிகே ரிசீவர் (திருத்தத் தகவலைப் பெற்று இடத்தைத் துல்லியமாகச் சொல்லும் ஜிபிஎஸ் கருவி) உட்கார்ந்திருந்து என்ன பயன்? நாங்கள் கோணலாக விதைத்த வரிசைகளில் பிறகு களையெடுக்கும் கருவி இறங்கியபோது களையோடு பயிரும் போயிற்று. மிச்சம் பிடித்தது ஒரே ஒரு சென்சார்.

சில பெரிய நிறுவனங்களின் கிட்களில் சக்கர சென்சார் இல்லையே என்பார்கள். உண்மைதான். அவை ஜைரோவில் (வண்டி திரும்புவதை உணரும் சென்சாரில்) தெரியும் திரும்பும் வேகத்தையும் வண்டியின் வேகத்தையும் வைத்துச் சக்கரக் கோணத்தை ஓயாமல் கணித்துத் திருத்திக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கை எழுதாமல் சென்சாரை மட்டும் கழற்றிவிட்டால் எப்படி? வண்டி ஊர்ந்து போகும்போது அந்தக் கணக்கும் தடுமாறும். சென்சாரை, முன்சக்கரம் எதை மையமாக வைத்துத் திரும்புகிறதோ அந்தக் கிங்பின் பக்கம் வையுங்கள். இணைப்புக் கம்பியில் துளி ஆட்டமும் இருக்கக் கூடாது.

ஆன்டெனா சாய்வதை மறப்பது

கூரைமேல் இருக்கும் ரிசீவரின் ஆன்டெனா 3 மீட்டர் உயரத்தில் இருந்தால், வண்டி ஒரு டிகிரி சாயும்போது அது 5 செ.மீ. நகரும். சரிவில் 5 டிகிரி சாய்ந்தால் 26 செ.மீ. சாய்வு சென்சார் போட்டாலும் அதன் பூஜ்யத்தை, அதாவது வண்டி சாயாமல் நிற்கும்போது அது காட்ட வேண்டிய அளவை, சரியாக வைத்தாக வேண்டும். சோதிக்க எளிய வழி உண்டு. ஒரே கோட்டில் போய்த் திரும்பி வாருங்கள். இரண்டு தடமும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தள்ளி விழுந்தால், சாய்வின் பூஜ்யம் தவறு, அல்லது ஆன்டெனா வண்டியின் நடுவில் இல்லை. விதைக்கும்போது இதுவே ஒரு இடைவெளி அகலம், அடுத்தது குறுகல் என்று மாறி மாறித் தெரியும்.

தார்த் தளத்தில் சோதிப்பது

அங்கே எல்லாம் ஓடும். உழுத மண்ணுக்குப் போங்கள், பின்னால் பாரத்தை மாட்டிக்கொண்டு.

ஆர்டிகே விட்டுப்போனதும் ஓட்டிக்கொண்டே இருப்பது

திருத்தத் தகவல் நின்றால் துல்லியம் மெல்ல நழுவும். ஓட்டுநருக்கு அது தெரியாது. பிறகு தகவல் திரும்பியதும் இடம் சட்டென்று குதிக்கும், வண்டியும் கூடவே குதிக்கும். ஒலி எழுப்பி, ஸ்டீயரிங்கை ஓட்டுநர் கையில் ஒப்படைத்துவிடுங்கள்.

அவசர நிறுத்தத்தை மென்பொருளில் எழுதுவது

மோட்டாரின் மின்சாரத்தையே நேராகத் துண்டிக்கும் பொத்தான் வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை.