எம்ஆர்டி பழக்கத்தோடு வெளிநாட்டுச் சுரங்க ரயிலில் ஏறலாமா?

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு லண்டன், பாரிஸ், தோக்கியோ என்று கிளம்பும் நம் குடும்பங்கள் ஹோட்டலையும் சாப்பாட்டையும் பற்றி நிறைய விசாரிக்கும். சுரங்க ரயிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 1987 முதல் சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயிலில் ஏறி இறங்கும் நமக்கு இதில் என்ன தெரியாது என்ற நினைப்புதான். தவறுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, எந்த நிலையத்திலும் மின்தூக்கி இருக்கும் என்று நம்பி, வயதான பெற்றோரையும் தள்ளுவண்டியில் குழந்தையையும் அழைத்துக்கொண்டு இறங்குவது. லண்டனில் முதல் சுரங்க ரயில் ஓடியது 1863-இல், அதுவும் நீராவி எஞ்சினோடு. பாரிஸில் 1900-இல். சக்கர நாற்காலியை யாரும் நினைத்துப் பார்க்காத காலத்தில் தோண்டிய நிலையங்கள் அவை. இன்றும் லண்டனின் 272 நிலையங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில்தான் படியேறாமல் போய்வர முடியும். அந்த ஊர் வரைபடத்தில் நீல வட்டத்தில் சக்கர நாற்காலி இருந்தால் தெருவிலிருந்து ரயில் பெட்டிவரை படி இல்லை. வெள்ளை வட்டமென்றால் நடைமேடைவரை மட்டுமே. ஹோட்டல் பதிவு செய்யும் முன்பே இதைப் பாருங்கள். பாரிஸில் இன்னும் சிரமம். 1998-இல் திறந்த 14-ஆம் பாதை முழுவதும் மின்தூக்கி உண்டு. பழைய பாதைகளில் பெரும்பாலும் படிக்கட்டுதான். முழங்கால் வலியுள்ள பாட்டியோடு பிள்ளையார் கோயிலுக்கும் தமிழ்க் கடைகளுக்கும் லாச்சப்பல் போகிறீர்களா? பேருந்தே நல்லது. அங்குள்ள 2-ஆம் பாதை நிலையம் தரைக்கு மேலே, இரும்புத் தூண்களின்மீது நிற்கிறது.

அடுத்தது, நிறத்தைப் பார்த்து ஏறிவிடுவது. நம் ஊரில் சிவப்பா ஊதாவா என்று பார்த்து, கடைசி நிலையத்தின் பெயரையும் பார்த்தால் போதும். லண்டனின் கறுப்பு நிற நார்தர்ன் பாதை நகர மையத்தில் பேங்க் வழி, சேரிங் கிராஸ் வழி என இரண்டாகப் பிரியும். வடக்கே எட்ஜ்வேர், ஹை பார்னெட் என்று மறுபடியும் பிரியும். கோல்டர்ஸ் கிரீன் போக வேண்டிய நான், வந்த முதல் வண்டியில் அம்மாவை ஏற்றிவிட்டு, அது ஹை பார்னெட் வண்டி என்பதை மூன்று நிலையம் தாண்டித்தான் கவனித்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மீண்டும் கேம்டன் டவுன் வந்து மாறுவதற்குள் களைத்துவிட்டார். அன்றிலிருந்து பலகையில் ஊர்ப்பெயரையும் ‘எந்த வழி’ என்பதையும் சேர்த்தே படிக்கிறேன்.

நியூயார்க்கில் ஒரே திசையில் எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டியும், பல நிலையங்களைத் தாண்டிப் போகும் விரைவு வண்டியும் ஓடும். சில வாசல்கள் ஒரு திசைக்கு மட்டுமே. அட்டையைத் தட்டி உள்ளே போனபின் தெரிந்தால் வெளியே வந்து, சாலையைக் கடந்து, மறுபடியும் பணம் கட்டவேண்டும்.

சின்னக் குழந்தைகள் இருந்தால் நடைமேடையில் கையை விடாதீர்கள். நம் சுரங்க நிலையங்களில் தொடக்கத்திலிருந்தே தடுப்புக் கதவுகள் உண்டு, ஆகவே விளிம்பைப் பற்றிய பயம் நம் பிள்ளைகளுக்கு இல்லை. லண்டனின் பெரும்பாலான பழைய நிலையங்களில் கதவு கிடையாது. பேங்க் போன்ற வளைந்த நடைமேடைகளில் பெட்டிக்கும் மேடைக்கும் இடையே பெரிய இடைவெளியும் இருக்கும்.

லண்டனில் மின்படியில் வலப்பக்கம் நிற்க வேண்டும். நம்மைப்போல் இடப்பக்கம் நின்றால் பின்னால் நடந்து வருபவர்களின் வழி அடைபடும். அப்புறம், தண்ணீர். எம்ஆர்டியில் குடிக்கக் கூடாது என்ற பழக்கத்தில் பாட்டிலை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆழமான லண்டன் பாதைகளில் பெரும்பாலும் குளிர்சாதனம் இல்லை, கோடையில் புழுங்கிவிடும்.

தோக்கியோவில் இரண்டு நிறுவனங்கள் சுரங்க ரயில் நடத்துகின்றன: தோக்கியோ மெட்ரோ, தோயெய். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் கட்டணம் கூடும். இரண்டிலும் செல்லும் 24, 48, 72 மணிநேரச் சீட்டு சுற்றுலாப் பயணிகளுக்குக் கிடைக்கிறது. அந்தச் சீட்டோடு பலரும் நேரே போய் நிற்பது பச்சை நிற யமனோத்தே வட்டப்பாதை வாசலில். அது ஜேஆர் என்ற வேறொரு நிறுவனத்தின் ரயில். அங்கே அந்தச் சீட்டு செல்லாது.