ஓசோன் குறைந்தால் காற்று சுத்தம் என்று எழுதாதீர்கள்

போன மாதம் உயர்தர மாணவிகள் மூன்று பேர் ஒரு வரைபைக் கொண்டுவந்து காட்டினார்கள். திருகோணமலை பஸ் நிலையத்தில் ஓசோன் குறைவு, கோணேசர் கோயில் உள்ள சுவாமி மலையில் அதிகம். கீழே முடிவு: "எனவே பஸ் நிலையத்தின் காற்றே தூயது." எனக்குத் திக்கென்றது. பல வருடங்களுக்கு முன் இதே வரைபை நானும் கீறினேன். அதன் கீழே இதே முடிவைத்தான் எழுதினேன்.

அலகு எழுத மறப்பது, திகதி போடாமல் விடுவது போன்றவற்றை உங்கள் ஆசிரியர்களே திருத்திவிடுவார்கள். வளிமண்டலம் தன்னிடம் வந்து சேரும் வாயுக்களை எப்படி ஒட்சியேற்றி அகற்றுகிறது என்று செயற்றிட்டம் செய்பவர்கள், கவனமாக வேலை செய்தும் விழுகிற குழிகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஒட்சிசன்தான் ஒட்சியேற்றுகிறது என்று நினைப்பது

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன். அதனால் இந்த எண்ணம் இயல்பாகவே வரும். ஆனால் தம்பலகாமத்து வயலில் இருந்து எழும் மெதேனும், குப்பை எரிக்கும் புகையில் வரும் காபனோரொட்சைட்டும் சாதாரண வெப்பநிலையில் ஒட்சிசனோடு தாக்கம் புரிவதில்லை என்றே சொல்லலாம். நெருப்பு வைத்தால் எரியும். சும்மா விட்டால் அப்படியே கிடக்கும்.

வேலையைத் தொடக்கிவைப்பது ஐதரொட்சில் மூலிகம் (OH). மூலிகம் என்றால் சோடியில்லாத இலத்திரன் ஒன்று இருப்பதால் எதையும் எளிதில் தாக்கும் துணிக்கை. ஏறக்குறைய 330 நானோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள வெயில் ஓசோனை உடைக்கிறது. அப்போது சக்தி கூடிய ஒட்சிசன் அணு ஒன்று வெளிவரும். அது நீராவி மூலக்கூறோடு மோதினால் இரண்டு ஐதரொட்சில் மூலிகங்கள் பிறக்கும். தரைக்கு அருகிலுள்ள காற்றிலும் இது பெரிய அளவில் நடக்கிறது என்பதை 1971இல் ஹைரம் லெவி என்ற விஞ்ஞானி எடுத்துக்காட்டினார். அதுவரை, தரையை ஒட்டிய காற்றடுக்கான மாறன் மண்டலத்தை இரசாயன ரீதியில் சோம்பலான இடமாகத்தான் பலர் எண்ணியிருந்தார்கள்.

ஒரு கன சென்ரிமீற்றர் காற்றில் மொத்தம் 2.5 இலட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கும். அதில் ஐதரொட்சில் மூலிகம் சராசரியாகப் பத்து இலட்சம் அளவில்தான். ஒவ்வொன்றும் ஒரு வினாடிக்குள் எதையாவது பிடித்துத் தாக்கிவிட்டுப் போய்விடும். இவ்வளவு சொற்பமான ஒன்றுதான் உலகத்தில் அகற்றப்படும் மெதேனில் ஏறக்குறைய 90 சதவீதத்தை அகற்றுகிறது. வெயிலும் நீராவியும் சேர்ந்து கிடைக்கிற அயன மண்டலத்தில்தான் அதன் பெரும்பகுதி வேலை நடக்கிறது. அதாவது நம் தலைக்கு மேலே. இதை முதன்முதலில் வாசித்த அன்று மாலை டச்பே கடற்கரையில் வெகுநேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூலிகத்துக்கு எதிர்க்குறி போடுவது

அது ஐதரொட்சைட்டு அயன் அல்ல, அதற்கு ஏற்றமில்லை. எதிர்க்குறிக்குப் பதிலாக, சோடியில்லாத இலத்திரனைக் காட்டும் புள்ளியைப் போடுங்கள்.

ஆயுட்காலம் முடிந்தால் வாயுவும் முடிந்தது என்று கணக்கிடுவது

மெதேனின் ஆயுட்காலம் ஏறக்குறைய 9 வருடம். ஒன்பதாம் வருடக் கடைசியில் மெதேன் தீர்ந்துவிடாது. முதலில் விட்டதில் 37 சதவீதம் அப்போதும் காற்றில் இருக்கும். பாதியாகக் குறையும் காலமான அரை ஆயுட்காலம் வேண்டுமென்றால் ஆயுட்காலத்தை 0.693ஆல் பெருக்குங்கள்.

ஓசோன் குறைவைச் சுத்தம் என்று வாசிப்பது

இதைத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வரும்.

அப்போது நான் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தேன். ஓசோன் மானி ஒன்று சில வாரங்களுக்குக் கடனாகக் கிடைத்தது. பகலில் பஸ் நிலையத்துக்கு அருகே வைத்தேன். அப்புறம் கோட்டை வாசலால் தூக்கிக்கொண்டு போய், மான்கள் மேயும் பாதையைத் தாண்டி, கோணேசர் கோயில் பக்கம் மலையில் வைத்தேன். மலையில் ஓசோன் பல மடங்கு கூட. ஓசோன் ஒரு மாசு என்று படித்திருந்தேன். எனவே ஓசோன் குறைந்த இடம் சுத்தமான இடம் என்று எழுதினேன்.

நடந்தது வேறு. டீசல் எஞ்சின் வெளியேற்றும் நைத்திரிக் ஒட்சைட்டு ஓசோனைக் கண்டால் விடாது. ஓசோனிடமிருந்து ஓர் ஒட்சிசன் அணுவைப் பறித்து நைதரசனீரொட்சைட்டு என்ற இன்னொரு மாசாக மாறிவிடும். வழமையான ஓசோன் அளவில் இதற்கு ஒரு நிமிடமளவே போதும். பஸ்கள் வரிசையாக நின்று உறுமும் இடத்தில் ஓசோன் குறைவதற்குக் காரணம் புகை. வெயிலில் நைதரசனீரொட்சைட்டு இரண்டொரு நிமிடத்தில் உடைந்து ஓசோன் திரும்பவும் உருவாகும். ஆனால் அதற்குள் புதிய புகை வந்து அதையும் தின்றுவிடும். மலையில் தின்பதற்கு ஆள் இல்லை. அதனால் ஓசோன் அங்கே மிஞ்சி நிற்கிறது. 2020 ஊரடங்கில் உலகின் பல நகரங்களில் வாகனங்கள் ஓய்ந்தபோது ஓசோன் ஏறியதற்கும் இது ஒரு முக்கிய காரணம்.

என் அறிக்கை மேசைக்குள் கிடந்திருந்தால் பரவாயில்லை. வீதியோரப் பாடசாலை ஒன்றின் வாசலைப் பின்பக்கத்துக்கு மாற்ற வேண்டும் என்று அப்போது சில பெற்றோர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் பிள்ளைகள் புகைக்குள் வரிசையில் நிற்கிறார்கள் என்பது அவர்களின் கவலை. ஓர் அலுவலகத்தில் நடந்த கூட்டத்தில் என் வரைபை எடுத்துக் காட்டினார்கள். "அளந்து பார்த்தாயிற்று, அந்தப் பக்கம் காற்று நல்லது." வாசல் மாறவில்லை. நைதரசனீரொட்சைட்டு அந்தப் பிள்ளைகளின் மூக்குக்கு நேரே இருந்தது. நான் அதை அளக்கவேயில்லை. பிழை விளங்கி, திருத்திய அறிக்கையோடு நான் திரும்பிப் போனபோது கூட்டம் முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஓசோனைத் தனியாக அளந்தால் எந்த முடிவும் எழுதாதீர்கள். கூடவே நைதரசனீரொட்சைட்டையும் அளந்து இரண்டையும் கூட்டுங்கள். விலை கூடிய கருவி தேவையில்லை. நைதரசனீரொட்சைட்டைப் பிடித்துவைக்கும் டிரையெதனோலமீன் தடவிய வலை வைத்த சிறு குழாய்களைக் கம்பத்தில் இரண்டு முதல் நான்கு வாரம் கட்டிவைத்து ஆய்வுகூடத்தில் நிறம் பார்த்தால் சராசரி கிடைக்கும். அந்த வாரங்களுக்கான ஓசோனின் சராசரியை எடுத்து அதோடு கூட்டுங்கள். பஸ் நிலையத்தின் கூட்டுத்தொகையும் மலையின் கூட்டுத்தொகையும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால், ஓசோன் எங்கே போனது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். வீதியோரத்தில் கொஞ்சம் கூடுதலாக வந்தாலும் பயப்படாதீர்கள். டீசல் புகை கொஞ்சம் நைதரசனீரொட்சைட்டை நேரடியாகவே விடுகிறது.

அந்த மூன்று மாணவிகளிடமும் இதைச் சொன்னேன். ஒருத்தி மட்டும் கேட்டாள்: "அப்படியென்றால் சேர், எங்கள் தரவு பிழையா?" தரவு சரி பிள்ளை. அதன் கீழே எழுதிய ஒரு வரிதான் பிழை.

மழையே எல்லாவற்றையும் கழுவிவிடும் என்று விடுவது

மெதேனும் காபனோரொட்சைட்டும் நீரில் கரைவது மிகக் குறைவு. எத்தனை வாடை மழை பெய்தாலும் அவை அசையாது. நைதரசனீரொட்சைட்டைப் பகலில் ஐதரொட்சில் மூலிகம் நைத்திரிக்கமிலமாக்கும். கந்தகவீரொட்சைட்டு கந்தக அமிலமாகும். கழுவிப்போவது இந்த அமிலங்கள்தான். மெதேன் ஃபோமல்டிகைட்டாகி, காபனோரொட்சைட்டாகி, கடைசியில் காபனீரொட்சைட்டாகிக் காற்றிலேயே தங்கும். "அகற்றப்பட்டது" என்று எழுதுமுன் எதுவாக மாறியது என்று எழுதுங்கள்.

சி.எஃப்.சி.யையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பது

சி.எஃப்.சி. என்பது குளோரோபுளோரோகாபன். ஐதரொட்சில் மூலிகம் பிடுங்குவதற்கு அதில் ஐதரசன் இல்லை. மாறன் மண்டலத்துக்கு மேலேயுள்ள படை மண்டலம் வரை ஏறித்தான் உடையும்.

கடற்காற்று என்றால் தூய காற்று என்று எடுத்துக்கொள்வது

வாடைக் காலத்தில் வடகிழக்கில் இருந்து வரும் காற்று வெறும் கடலை மட்டும் தடவி வருவதில்லை. அதற்குப் பின்னால் ஒரு பெரிய நிலப்பரப்பின் அடுப்புகளும் வயல்களும் ஆலைகளும் இருக்கின்றன. 1999இல் விஞ்ஞானிகளான வீரபத்ரன் இராமநாதனும் போல் குருட்சனும் முன்னின்று நடத்திய இந்துசமுத்திர ஆய்வில், தெற்காசியாவின் பழுப்புப் புகைமூட்டம் வட இந்துசமுத்திரத்தின் மேல் நெடுந்தூரம் படர்ந்திருப்பது தெரியவந்தது. எனவே நிலாவெளிக் கடற்கரையில் அளந்ததை "மாசற்ற பின்னணி" என்று பெயரிடாதீர்கள். அன்றைய காற்றுத் திசையைக் கட்டாயம் எழுதுங்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் நாளில் அளந்ததை வாடை நாளோடு ஒப்பிட்டுப் பார்த்து, வந்த வித்தியாசத்துக்கு வாகனத்தைக் குற்றம் சொல்வதும் இதே பிழைதான்.

பொழுது சாய்ந்ததும் கருவியை மூடுவது

வெயில் போனால் ஐதரொட்சில் மூலிகம் ஏறக்குறைய இல்லாமல் போகும், உண்மை. ஆனால் இரவில் இன்னொன்று பொறுப்பெடுக்கிறது. நைதரசனீரொட்சைட்டும் ஓசோனும் சேர்ந்து நைத்திரேற்று மூலிகத்தை உருவாக்கும். பகலில் வெயில் அதைச் சில வினாடிகளில் உடைத்துவிடும் என்பதால் அது இரவில்தான் தலைகாட்டும். கடலின் வாசனையில் பங்குள்ள இருமெதையில் சல்பைட்டைப் பகலில் ஐதரொட்சிலும் இரவில் நைத்திரேற்று மூலிகமும் தாக்கும். நம்மைப் போலத் துறைமுகமும் கடலும் ஒன்றாக இருக்கிற ஊரில் இரவுத் தரவை வீணாக்குவது பெரிய இழப்பு.

அயடைட்டுத் தாளை ஈரப்பதன் பாராமல் வாசிப்பது

கருவி கிடைக்காதவர்கள் மாப்பொருளும் பொற்றாசியம் அயடைட்டும் தடவிய, ஓசோன் பட்டால் நிறம் மாறும் தாளைத் தொங்கவிடுகிறார்கள். ஓசோனைக் கண்டுபிடித்த ஷேன்பைன் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய முறை அது. நல்ல முறைதான். ஆனால் ஈரப்பதன் மாறினால் அதே ஓசோனுக்கு நிறமும் மாறும். நைதரசனீரொட்சைட்டும் தாளை நிறம் மாற்றும். உப்புவெளிக் கடற்கரையில் தொங்கிய தாளையும் உள்நாட்டிலுள்ள கந்தளாயில் தொங்கிய தாளையும் பக்கத்தில் வைத்து நிறம் பார்ப்பதற்கு முன், இரண்டு இடத்திலும் அந்த நேரத்தில், ஈரப்பதனைக் கணிக்க உதவும் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளின் வாசிப்பைக் குறித்தீர்களா என்று பாருங்கள். குறிக்கவில்லையென்றால் அந்தத் தாள்களை ஒதுக்கிவிட்டு, ஒரு சோடி வெப்பமானியோடு மறுபடி போய்த் தொங்கவிடுங்கள்.