ஆர்.சி. காருக்கு பேட்டரி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்.சி. காருக்கு, அதாவது ரிமோட்டில் ஓடும் காருக்கு, பேட்டரி தேடுகிறவர்கள் பெரும்பாலும் லேபிளில் உள்ள எண்ணிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கொள்ளளவு 5200 எம்.ஏ.எச். வாங்கலாமா 6000 வாங்கலாமா, எவ்வளவு ஆம்பியர் தரும் என்பதைச் சொல்லும் ‘சி’ 50 போதுமா 100 வேண்டுமா என்று. முதலில் பார்க்க வேண்டியது காருக்குள் இருக்கிறது: மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் இ.எஸ்.சி. என்ற சின்னப் பெட்டி. அது எத்தனை வோல்ட் தாங்கும்? லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி அளவுக்கு மேல் தீராமல் தடுக்கும் கட்-ஆஃப் அதில் உண்டா? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் பணத்தை எடுக்க வேண்டாம்.

வோல்ட் கூடினால் வேகம் மட்டுமா கூடும்?

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஒன்று 1.2 வோல்ட், ஆறு செல் சேர்ந்தது வழக்கமான 7.2 வோல்ட் பேக். லைப்போ செல் ஒன்று 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2. இரண்டு செல் கொண்ட 2எஸ் பேக் 7.4 வோல்ட், முழு சார்ஜில் 8.4. 3எஸ் என்றால் 11.1, முழு சார்ஜில் 12.6.

3300 கேவி மோட்டார் (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3300 சுற்று) சுமையில்லாமல் 2எஸ்-இல் நிமிடத்துக்கு 24,420 சுற்று சுற்றும். 3எஸ் மாட்டினால் 36,630. ஒன்றரை மடங்கு வேகம் என்று மகிழ்வதற்குள், மோட்டார் இழுக்கும் ஆம்பியரும் கூடவே ஏறிவிடுகிறது. 2எஸ் வரை மட்டும் என்று எழுதியிருக்கும் இ.எஸ்.சி.யில் 3எஸ் மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே அது புகைந்து போகலாம். 3எஸ் தாங்கும் காராகவே இருந்தாலும் மோட்டார் தண்டில் உள்ள சின்னப் பினியன் கியரில் இரண்டு மூன்று பல் குறைத்துப் போட்டு, ஐந்து நிமிடம் ஓட்டி, மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரலை மூன்று விநாடி வைத்திருக்க முடியவில்லையா? இன்னும் ஒரு பல் குறையுங்கள்.

கட்-ஆஃப் இல்லாதது: அதிகம் பேரின் பேட்டரியைக் கொல்வது இதுதான்

லைப்போ செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெடத் தொடங்கும். உப்பும், கொள்ளளவு குறையும். லைப்போவுக்கென்று செய்த இ.எஸ்.சி., செல்லுக்கு 3.2 முதல் 3.4 வோல்ட்டுக்குள் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்துவிடும். பழைய, மலிவான இ.எஸ்.சி.க்களில் இந்த வசதி இருக்காது. டாமியா நிறுவனத்தின் டிடி-02 கார் கிட்டுகள் பலவற்றோடு வரும் டிபிஎல்இ-02எஸ் என்ற இ.எஸ்.சி.யிலும் லைப்போ கட்-ஆஃப் கிடையாது. அப்படிப்பட்ட காரில் லைப்போ போட்டே ஆக வேண்டும் என்றால், செல் ஒவ்வொன்றோடும் தனித்தனியே இணைந்த பேலன்ஸ் பிளக்கில் செருகும் சின்ன அலாரம் ஒன்றை வாங்கி 3.5 வோல்ட்டில் வையுங்கள்; கத்தியதும் நிறுத்திவிடுங்கள். ஓட்டப்போவது பத்து வயதுப் பிள்ளை என்றால் நிக்கல் பேட்டரியே மேல். கொஞ்சம் கனம், கொஞ்சம் மந்தம். ஆனால் முரட்டுக் கையைத் தாங்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 1060 வகை பிரஷ்டு இ.எஸ்.சி.யில் (கார்பன் பிரஷ் உள்ள மோட்டாருக்கானது) பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்க, இடம் மாற்றிச் செருகும் ஒரு சின்ன ஜம்பர் இருக்கும். அது லைப்போ பக்கம் இருக்கும்போது நிக்கல் பேக் மாட்டினால், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் வோல்ட் கட்-ஆஃப் எல்லைக்கு இறங்கி, கார் மூன்றாவது நிமிடத்திலேயே திக்கித் திணறும். பாவம், பேட்டரிமேல் பழி விழும்.

‘சி’ என்ற எழுத்தை நம்பலாமா?

5000 எம்.ஏ.எச்., 50சி என்றால் கணக்குப்படி 5 × 50 = 250 ஆம்பியர் தொடர்ந்து தர வேண்டும். அந்தப் பேட்டரியிலிருந்து வெளிவரும் கம்பி பெரும்பாலும் 12 கேஜ் தடிமன். 250 ஆம்பியரைத் தொடர்ந்து விட்டால் முதலில் கம்பிதான் உருகும். ஆக, 50, 100, 120 எல்லாம் பெரும்பாலும் விற்பனைக்காக எழுதியவை. ஒரே நிறுவனத்தின் இரண்டு பேக்கை ஒப்பிட மட்டும் பயன்படும்.

உண்மையைச் சொல்வது உள்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்சாரத்துக்கு இருக்கும் தடை. நல்ல சார்ஜர்களில் செல்வாரியாக மில்லி ஓமில் காட்டும். செல்லுக்கு 3 மில்லி ஓம் உள்ள 2எஸ் பேக்கிலிருந்து 60 ஆம்பியர் இழுத்தால் 0.36 வோல்ட் விழும். செல்லுக்கு 12 மில்லி ஓம் என்றால் 1.44 வோல்ட். பாதி தீர்ந்து 7.6 வோல்ட்டில் இருக்கும்போது முதல் பேக் சுமையில் 7.24 தரும், இரண்டாவது 6.16-க்கு விழுந்து கட்-ஆஃபில் மாட்டிக்கொள்ளும். பேட்டரிக்குள் பாதி மின்சாரம் இருக்கிறது, கார் ஓடவில்லை. “6000 வாங்கியும் பத்து நிமிடம்தான் ஓடுது” என்ற புலம்பலுக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

வாங்கும் முன் உள்தடையை அளக்க முடியாது; எடையைப் பார்க்க முடியும். ஒரே அளவு, ஒரே கொள்ளளவு என்று சொல்லும் இரண்டில் கணிசமாக இலேசானது எதையோ மறைக்கிறது. பொம்மைக் கார்களில் வரும் 18650 உருளைச் செல்லில் 9900 எம்.ஏ.எச். என்று அச்சிட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், பொய். அந்த அளவில் நல்ல செல்களே 3500 அளவில்தான் இருக்கின்றன.

பெட்டியில் உட்காருமா?

கார்களுக்கு ஹார்டு கேஸ் லைப்போ வாங்குங்கள். ஆர்.சி. விமானத்துக்கான மென்மையான பேக்கில் கல் குத்தினால் முடிந்தது. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள 1/10 கார்களுக்கான வழக்கமான ஸ்டிக் (நீள) பேக்கின் அளவு ஏறத்தாழ 138 × 47 × 25 மி.மீ.; ஷார்ட்டி என்ற குட்டைப் பேக் 96 மி.மீ. நீளம். சில டாமியா சேசிஸ்களில் பேட்டரிக் குழி உருளைச் செல்லுக்கேற்ப வளைந்திருக்கும். சதுர விளிம்புள்ள பேக் அதில் இறங்காது. கம்பி எந்தப் பக்கம் வெளிவருகிறது என்பதையும் சேர்த்தே அளந்து பாருங்கள்.

பழைய வெள்ளை டாமியா கனெக்டர் பிரஷ்லெஸ் மோட்டாரின் ஆம்பியருக்குச் சூடேறி இளகும். டி-பிளக் அல்லது எக்ஸ்டி60-க்கு மாறுங்கள். மாற்றும்போது பேட்டரியின் சிவப்பு, கறுப்பு இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டாதீர்கள். கத்தரிக்கோலே ஷார்ட் ஆகி முகத்தில் பொறி பறக்கும். ஒரு கம்பியை வெட்டி, ஈயத்தால் பற்றுவைத்து, உறையிட்ட பிறகுதான் அடுத்தது.

சார்ஜர்

யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பதுபோல, நல்ல பேட்டரியை வாங்கி நிக்கல் சார்ஜரில் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். லைப்போவை அதில் ஒருபோதும் போடக் கூடாது, 4.2 வோல்ட்டில் நிறுத்த அதற்குத் தெரியாது. செல்களைச் சமமாக ஏற்றும் பேலன்ஸ் வசதி உள்ள சார்ஜர் வேண்டும். 1சி அளவில், அதாவது 5000-க்கு 5 ஆம்பியரில் ஏற்ற, 2எஸ்-க்கு 8.4 × 5 = 42 வாட், 3எஸ்-க்கு 63 வாட் தேவை. 50 வாட் சார்ஜரில் 3எஸ் ஏறத்தான் செய்யும், 4 ஆம்பியர் அளவில். சார்ஜரின் பேட்டரி வகைப் பட்டியலில் லைஃப், லைப்போ, லைஎச்வி என்று ஒன்றுபோல ஒலிக்கும் பெயர்கள் வரும். முழு சார்ஜில் அவை செல்லுக்கு முறையே 3.6, 4.2, 4.35 வோல்ட். மாற்றி அழுத்தினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

புதுப் பேட்டரி கைக்கு வந்ததும் செல் ஒவ்வொன்றையும் அளந்துவிடுங்கள். ஏறத்தாழ 3.8 வோல்ட் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று 3.5-க்குக் கீழ் இருந்தாலோ, செல்களுக்குள் 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, உறை சற்றே உப்பியிருந்தாலோ, சார்ஜ் போட்டுச் சோதிக்காமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

ஓட்டாத நாட்களில் அதே 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். முழு சார்ஜோடு மே மாத வெயிலில் வண்டிக்குள் விட்டுப்போன லைப்போ உப்பாமல் இருந்தால்தான் அதிசயம்.

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சொந்தக்காரர் மூலம் வரவழைக்கிறவர்களுக்கு: உதிரி லித்தியம் பேட்டரியை கேபின் பையில்தான் எடுத்துவர வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது. வழக்கமான வரம்பு 100 வாட்-மணி, 7.4 × 5 = 37 என்பதால் 2எஸ் 5000 தாராளமாக அடங்கும். எத்தனை கொண்டுவரலாம் என்பதை அந்தந்த விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கனெக்டர் முனையில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் போடச் சொல்லவும் மறக்க வேண்டாம்.