வெப்சைட் போட ஆள் பிடிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

வியாபாரங்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பதும், மற்றவர்கள் செய்து பாதியில் விட்டதைச் சரிசெய்வதும்தான் எனக்குப் பிழைப்பு. இரண்டாவது வேலைதான் அதிகம் வருகிறது. நாங்கள் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் அடித்த கூத்துகளையே இப்போது கடை தொடங்கும் பிள்ளைகளும் அச்சு அசலாக அடிக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் ரீல் போட்டு ஆர்டர் எடுக்கத் தெரிந்தவர்கள்கூட, வெப்சைட் என்று வந்ததும் யாராவது கை காட்டும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

மலிவாகக் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள், முழுப் பணத்தையும் முன்பணமாகத் தராதீர்கள், பேசியதை எழுத்தில் வாங்குங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

டொமைனை டெவலப்பர் பெயரில் விடுவது

டொமைன் என்பது உங்கள் சைட்டின் முகவரிப் பெயர், ஹோஸ்டிங் என்பது சைட்டை வைக்கும் வாடகை சர்வர். கொட்டேஷனின் அடியில் ஒரு வரி இருக்கும்: "டொமைன், ஹோஸ்டிங் முதல் வருடம் இலவசம்." அந்த வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டாட் காம் பெயர் ஒன்றுக்கு வருடத்துக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் செலவு. அதை மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, கடையின் பெயரையே இன்னொருவர் கணக்கில் எழுதி வைத்துவிடுகிறார்கள். வீடு கட்டும் மேஸ்திரி பெயரில் யாராவது மனைப் பத்திரத்தைப் பதிவு செய்வார்களா? இங்கே செய்கிறார்கள். செய்திருக்கிறோம் என்பதே பல பேருக்குத் தெரியாது.

திருப்பூரில் குழந்தைகள் உடுப்பு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் அண்ணன் தம்பி இருவர். வெப்சைட் செய்து கொடுத்த பையன் நல்ல பையன், வேலையும் சுத்தம். டொமைனைத் தன் ஜிமெயிலிலும் தன் செல் நம்பரிலும் பதிவு செய்திருந்தான். வருடா வருடம் அவனே புதுப்பித்து, பில்லில் சேர்த்து வாங்கிக்கொண்டான். அப்புறம் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போனான், நம்பர் மாறியது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

டொமைன் காலாவதியாவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது, டொமைன் விதிகளை வகுக்கும் ஐகேன் அமைப்பின் கட்டளை. டொமைனை விற்ற பதிவு நிறுவனமும் அனுப்பியது, அவன் திறந்தே பார்க்காத பழைய ஜிமெயிலுக்கு. பெயர் காலாவதியாகி, சைட் இறங்கியது. அது சகோதரர்களுக்குத் தெரியவே இல்லை. தன் சைட்டைத் தானே தினமும் திறந்து பார்க்கும் முதலாளியை நான் இன்னும் சந்திக்கவில்லை. சரக்கு வாங்கும் பையர் ஒருவர், "நான் அனுப்பும் மெயில் எல்லாம் திரும்பி வருகிறதே, கம்பெனி நடக்கிறதா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டபோதுதான் விழித்தார்கள். கம்பெனி மெயிலும் அதே டொமைனில்தானே ஓடுகிறது. சாம்பிள் அப்ரூவல், ஷிப்மென்ட் தேதி எல்லாம் அந்த மெயிலில் வந்துகொண்டிருந்த நேரம்.

நான் போனபோது அண்ணன்காரர் ஒரு அட்டைப் பெட்டியை மேசைமேல் தூக்கி வைத்து, பக்கவாட்டில் நீல மையில் அச்சடித்திருந்த வெப்சைட் முகவரியைக் காட்டினார். "குடோன் நெறைய இதே பொட்டிதானுங்க சார். டேக்லயும் இதுதானுங்க போட்டிருக்குது."

பெயர் யார் வசம் இருக்கிறது என்று பொதுப் பதிவில் தேடினேன். 2018இல் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் வந்தபிறகு பெரும்பாலான டொமைன்களில் உரிமையாளர் விவரம் மறைக்கப்பட்டுவிட்டது. இதிலும் அப்படித்தான், பதிவு நிறுவனத்தின் பெயர் மட்டும் தெரிந்தது. அவர்களை அழைத்தால், கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும் என்றார்கள். ஜிஎஸ்டி சான்றிதழ் அனுப்பினோம். கடை வாடகை ஒப்பந்தம் அனுப்பினோம். ஒன்றும் எடுபடவில்லை. அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் அதுதான் நியாயம். அவர்கள் ஏட்டில் இருக்கும் பெயர் அந்தப் பையனுடையது.

அவனுடைய கல்லூரி நண்பன் மூலமாக ஆளைப் பிடித்தோம். "அண்ணா, அது இன்னும் என் பேர்லயா இருக்கு?" என்று பதறினான். உடனே லாகின் செய்யப் போனால் ஓடிபி போவது எப்போதோ கைவிட்ட பழைய சிம்முக்கு. அவன் தன் அடையாள அட்டையை அனுப்பிக் கணக்கைத் திறந்து முடிப்பதற்குள் டொமைன் மீட்புக் காலத்துக்குள் போய்விட்டது. அதற்குத் தனிக் கட்டணம். கட்டினார்கள்.

இந்த நாள் கணக்கைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். டாட் காம் காலாவதியானால் அன்றைக்கே கைநழுவிவிடாது. பழைய விலையிலேயே புதுப்பித்துக்கொள்ளப் பதிவு நிறுவனம் சில நாள் தரும். அது அதிகபட்சம் 45 நாள், ஆனால் எவ்வளவு தருவது என்பது அவர்கள் விருப்பம். சிலர் அதற்குள்ளேயே ஏலத்துக்கு விட்டுவிடுவார்கள். பெயர் நீக்கத்துக்குப் போனபின் 30 நாள் மீட்புக் காலம், கட்டணம் பல மடங்கு. கடைசியாக 5 நாள் யாராலும் தொட முடியாது. அதற்குப் பிறகு உலகத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நன்றாக ஓடிய பெயர் என்றால் அதற்காகவே காத்திருக்கும் ஆட்கள் உண்டு.

இந்தக் கதையில் பையன் நல்லவன். பாக்கித் தொகையில் தகராறு வந்ததும் டொமைனைப் பிணையாகப் பிடித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். புகார் செய்ய வழி இல்லாமல் இல்லை. டாட் காமுக்கு 1999இலிருந்தே யூடிஆர்பி என்ற டொமைன் தகராறு தீர்வு முறை உண்டு. டாட் இன் பெயர்களுக்கு, அவற்றை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் ஐஎன்டிஆர்பி என்ற அதே மாதிரி முறை இருக்கிறது. ஆனால் யூடிஆர்பியில் அந்தப் பெயர்மேல் உங்களுக்கு ட்ரேட்மார்க் உரிமை இருப்பதைக் காட்ட வேண்டும், எதிராளி கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்தார் என்றும் நிரூபிக்க வேண்டும். நீங்களே சொல்லித்தானே அவர் பதிவு செய்தார்? அங்கேதான் வழுக்கும். ஒரு நடுவரை வைத்து விசாரிக்க, இந்தப் புகார்களை நடத்தும் "வைப்போ" (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) வாங்கும் கட்டணமே 1,500 டாலர், வக்கீல் செலவு தனி.

ஆகவே டிசைனரைத் தேடுவதற்கு முன்னாலேயே டொமைனை வாங்கிவிடுங்கள். உங்கள் பெயரில், உங்கள் மொபைல் நம்பரில், உங்கள் சொந்த மெயிலில். அந்த மெயில் அதே டொமைனில் இருக்கக்கூடாது. டொமைன் படுத்தால் பாஸ்வேர்டு மாற்றும் மெயிலும் வந்து சேராது; இந்தக் கண்ணியில் விவரமான ஆட்களே மாட்டியிருக்கிறார்கள். ஆட்டோ ரின்யூவை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிக் கட்டண விதிகள் நடைமுறைக்கு வந்தபின், வெளிநாட்டு நிறுவனங்களில் நம்மூர் கார்டு சத்தமில்லாமல் நிராகரிக்கப்படுவது சாதாரணமாகிவிட்டது. கையில் காசு இருந்தால் ஒரேயடியாகச் சில வருடங்களுக்குக் கட்டிவிடுங்கள். 10 வருடம் வரை அனுமதி உண்டு. டெவலப்பருக்கு டிஎன்எஸ், அதாவது இந்தப் பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு, அதை மாற்றும் அனுமதி மட்டும் போதும். உங்கள் பாஸ்வேர்டு வேண்டும் என்று அடம்பிடித்தால், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து டிஎன்எஸை நீங்களே மாற்றுங்கள்.

ஏற்கெனவே அவர் பெயரில் இருக்கிறதா? உறவு நன்றாக இருக்கும்போதே கேளுங்கள், பாக்கி வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். அதே பதிவு நிறுவனத்தில் நீங்களும் கணக்குத் தொடங்கினால் பெரும்பாலும் சில நிமிடத்தில் இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்குத் தள்ளிவிடலாம். வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதானால் அவரிடமிருந்து ஆத் கோடு என்ற ரகசியக் குறியீட்டை வாங்க வேண்டும். புதிதாகப் பதிவு செய்த 60 நாளுக்குள் பொதுவாக மாற்ற முடியாது.

பேமென்ட் கேட்வே, அனலிட்டிக்ஸ், சர்ச் கன்சோல், கூகுள் மேப்பில் இருக்கும் கடைப் பக்கம்

பணம் வசூலிப்பது, சைட்டுக்கு வருபவர்களை எண்ணுவது, கூகுள் தேடலில் சைட் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பது எல்லாவற்றுக்கும் மேலே சொன்னதேதான். கணக்கு உங்களுடையது, அனுமதி அவருக்கு.

சொந்தக்காரப் பையனிடம் கொடுப்பது

வேண்டாம். கல்யாண வீட்டில் முகம் பார்க்க வேண்டும்.

படத்தைப் பார்த்து டிசைனரைத் தேர்ந்தெடுப்பது

போர்ட்ஃபோலியோ என்று பளபளப்பான ஸ்கிரீன்ஷாட்கள் வரும். படம் வேண்டாம், ஓடிக்கொண்டிருக்கும் முகவரி கொடுங்கள் என்று கேளுங்கள். செய்து இரண்டு வருடமாவது ஆன சைட்டாக இருக்கட்டும். அதை உங்கள் போனில், வைஃபையை அணைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் நின்று திறந்து பாருங்கள். கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் அந்த முகவரியைப் போட்டால், பக்கத்தின் முக்கியப் பகுதி தெரிய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும். 2.5 நொடிக்குள் வந்தால் நல்லது என்பது கூகுள் சொல்லும் கணக்கு. எட்டு, ஒன்பது நொடி என்று காட்டினால் பெரும்பாலும் முகப்பில் இருக்கும் அழகான வீடியோ மாதிரி ஏதாவதுதான் காரணமாக இருக்கும்.

அப்புறம் அந்தக் கடைக்காரருக்கே போன் போடுங்கள். சைட்டில்தான் நம்பர் இருக்குமே. "இப்போ இதை யாருங்க பார்த்துக்குறாங்க?" என்று ஒரே கேள்வி போதும். செய்தவரே இன்னும் பார்க்கிறார் என்று பதில் வந்தால் பாதிக் கவலை விட்டது.

இன்னொன்று, வரைகிறவரும் கட்டுகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. இரண்டும் நானே செய்வேன் என்பவர்களில் இரண்டையும் நன்றாகச் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் அவர்கள் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஏஜென்சி என்றால், முன்பு பார்த்த அந்தச் சைட்டைச் செய்த ஆட்கள்தான் உங்கள் வேலையையும் செய்வார்களா என்று கேளுங்கள். பேச வருபவர் ஒருவர், வேலை செய்பவர் வேறொருவர் என்பது சகஜம்.

தமிழைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

டிசைனர் ஆங்கிலத்தில் வரைந்து காட்டுவார், எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு தமிழ் போடும்போது கூத்து தொடங்கும். "பை நவ்" என்று எழுதிய குட்டிப் பட்டனில் "இப்போதே வாங்குங்கள்" இரண்டு வரியாக மடிந்து, பட்டனுக்கு வெளியே தொங்கும். வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு வைத்தது என்பதால் "கீ"யின் மேல் சுழியும் "ஸ்ரீ"யின் தலையும் மேல் வரியில் இடிக்கும். நாட்டுச் சர்க்கரை விற்கும் ஒருவர் சைட்டில் அந்த "ஸ்ரீ"யே பிய்ந்து, "ஸ" தனி, புள்ளி தனி, "ரீ" தனி என்று நின்றது. அது கடையின் பெயரின் முதல் எழுத்து.

எந்தத் தமிழ் எழுத்துருவைப் பயன்படுத்துவீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். ஹிந்த் மதுரை, முக்தா மலர், மீரா இனிமை, நோட்டோ சான்ஸ் தமிழ் என்று இலவசமாகவே நல்லவை கிடைக்கின்றன. "அது தானா வந்துக்கும் சார்" என்று பதில் வந்தால் அவர் இதுவரை தமிழில் செய்ததில்லை.

அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஃபைலை அப்படியே ஏற்றிவிடுவதும் இன்னும் நடக்கிறது. எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்குத் தமிழக அரசே 2010இல் மாறியாயிற்று. சோதிப்பது சுலபம்: டெமோ பக்கத்திலிருந்து ஒரு வரியை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வந்தால் கூகுளுக்கும் அப்படித்தான் தெரியும். உங்கள் கடையைத் தமிழில் தேடுபவருக்கு அது அகப்படாது.

பணம் கொடுத்துவிட்டோம், எல்லாம் நமக்குத்தான் என்று நினைப்பது

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒன்றை உருவாக்கியவர்தான் பொதுவாக அதன் முதல் உரிமையாளர். உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவர் செய்தால் உங்களுக்கு. தனியாக வேலை எடுத்துச் செய்யும் ஃப்ரீலான்சர் எழுதிய புரோகிராம் கோடு அவருக்கு, நீங்கள் எழுதி வாங்காதவரை. காசு கொடுத்து எடுக்க வைத்த போட்டோ போன்ற சிலவற்றுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, அவற்றில் முதல் உரிமை உங்களுடையது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒரு பக்க ஒப்பந்தத்தில் "நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும்" என்று ஒரு வரி சேர்க்க யாரும் மறுக்கமாட்டார்கள். மறுத்தால் காரணம் கேளுங்கள். அவர் எல்லோருக்கும் பயன்படுத்தும் பொதுவான கோடாக இருக்கலாம், அது நியாயமான காரணம்தான்.

திருட்டு தீம்

காசு கொடுத்து வாங்க வேண்டிய "தீம்" என்ற ரெடிமேட் டிசைனையும், "ப்ளகின்" என்ற கூடுதல் வசதியையும் பூட்டு உடைத்து இலவசமாகப் போட்டுக்கொடுப்பார்கள். அப்டேட் வராது, உள்ளே வேறு என்னென்னவோ வரும். வாங்கிய பில்லை உங்கள் பெயரில் கேளுங்கள்.

எஸ்எஸ்எல்லுக்கு வருடா வருடம் பணம் கட்டுவது

எஸ்எஸ்எல் என்பது சைட்டுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் போகும் தகவலைப் பூட்டிவைக்கும் சான்றிதழ். அது வேண்டும், ஆனால் சாதாரணக் கடை அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 கடைசியிலிருந்தே இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மாதப் பராமரிப்பு என்று சும்மா கையெழுத்துப் போடுவது

மாதாமாதம் என்னென்ன செய்வார்கள் என்று பட்டியல் வாங்குங்கள். சைட்டை ஓட்டும் மென்பொருளின் (பெரும்பாலும் வேர்ட்பிரஸ்) அப்டேட், சிறு சிறு மாற்றங்கள், பேக்கப் எல்லாம் அதில் இருக்க வேண்டும். முதல் மாதமே பேக்கப் ஃபைலை உங்கள் கம்ப்யூட்டரில் ஒருமுறை இறக்கித் தரச் சொல்லுங்கள். நிறையப் பேர் அதை ஹோஸ்டிங் இருக்கும் அதே சர்வரிலேயே வைத்திருப்பார்கள். சர்வர் போகிற அன்றைக்கு பேக்கப்பும் கூடவே போகும்.