குகை ஓவியம் பார்க்கப் பழகணுமா? முதலில் ஒரு கொடைக்குப் போங்க

நான் ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு நாங்குநேரிப் பக்கம். கற்காலத்துக் குகை ஓவியங்களைப் பற்றி யூடியூபில் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான்: "சார், சாமியாடிங்க அருள் வந்து கண்டதைத்தான் குகையில வரைஞ்சாங்களாம், அதுலருந்துதான் மதமே வந்துச்சாம், உண்மையா?" ஆமாம் என்றும் சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன். எப்படிப் பார்க்கணும் என்று சொல்லி அனுப்புவேன். அதில் ஒரு பாடம், சாமியாடுகிற எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவுக்கு, அதாவது கொடைக்கு, போய்ப் பார்ப்பது.

முதல் வேலை, படத்துக்குக் கீழே உள்ள பெயரைக் கையால் மூடுவது. பிரான்சில் லாஸ்கோ குகைக்குள் கிணறு மாதிரி ஒரு பள்ளம். அதன் சுவரில் பறவைத் தலையோடு ஒருவன் சாய்ந்து கிடக்கிறான். எதிரே குடல் சரிந்த காட்டெருமை. பக்கத்தில் ஒரு கம்பு, அதன் உச்சியில் ஒரு பறவை. வரைந்து சுமார் 17,000 வருஷம் இருக்கும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நோட்டில் எழுதுங்கள். 'செத்தான்' என்று எழுதினால் அடித்துவிடுங்கள், 'அருள் வந்து கிடக்கிறான்' என்பதையும் அடித்துவிடுங்கள். இரண்டும் சுவரில் இல்லை. குகையை 1963-லேயே பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். ஆனால் இணையத்தில் உள்ளே நடந்து பார்க்கிற மாதிரியே வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது.

அடுத்தது, கையால் வரைந்த நகலையும் புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரான்சிலேயே இன்னொரு குகையான த்ருவா ஃப்ரேரில் கொம்பு முளைத்த மனிதன் ஒருவன் இருக்கிறான். 'மந்திரவாதி' என்று பேர் வைத்து உலகமெல்லாம் பரப்பியது ஆன்றி ப்ரூய் என்ற பாதிரியார் வரைந்த நகல்தான். புகைப்படத்தில் அந்தக் கொம்பு அவ்வளவு துலக்கமாக இல்லை. அவராகச் சேர்த்துவிட்டார் என்றவர்கள் உண்டு, அவை மெல்லிய செதுக்குக் கோடுகள், கேமராவில் விழாது என்று மறுத்தவர்களும் உண்டு. நகலெடுக்கிறவன் கை சும்மா இருக்காது என்பது வாத்தியாராக எனக்குத் தெரியும்.

வெளிச்சத்தையும் சரிபண்ணுங்கள். அந்தக் காலத்தில் அங்கே டியூப்லைட் கிடையாது. லாஸ்கோ பள்ளத்திலேயே கொழுப்பு ஊற்றி எரித்த கல்விளக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. மேடுபள்ளமான ஒரு கல்லை எடுத்து, அடுப்புக்கரியால் அதன் புடைப்பையே முதுகாக வைத்து ஒரு மாடு வரையுங்கள். ராத்திரி நல்லெண்ணெய் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து அசையுங்கள், மாடு மூச்சு விடும். ஸ்பெயினில் அல்தமீரா குகையில் கூரைப் புடைப்புகள்மேல் காட்டெருமைகளை வரைந்தவர்கள் செய்த வேலையும் இதுதான்.

அப்புறம் புள்ளி, கட்டம், வளைகோடு. டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ், தாமஸ் டவ்சன் என்ற பாறை ஓவிய ஆய்வாளர்கள் 1988-இல் ஒரு கருத்து சொன்னார்கள். நினைவு மாறுகிற நிலையில் எந்த மனிதனுக்கும் கண்ணுக்குள் புள்ளி, வலை, நெளிகோடு தெரியும். குகைச் சுவரில் இருப்பதும் அவைதான் என்றார்கள். நல்ல யோசனை. ஆனால் மார்கழி மாசம் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற ஆச்சிக்கும் அருள் வந்திருக்கு என்று சொல்ல முடியுமா? ஒரு புள்ளியைக் காட்டி ஒரு மயக்கத்தை நிரூபிக்க முடியாது.

இனிமேல்தான் கொடை. இதற்கு நிதானமாகப் போங்கள். கொடைக்குச் சாமியை அழைக்கிற குடியழைப்பு அன்றைக்கே போய்விட்டால் நல்லது, கூட்டம் குறைவு. வில்லுப்பாட்டு மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் வையுங்கள். கதை சொல்லும்போது உடுக்கும் குடமும் நடந்து போகும். சாமியை வரவழைக்கிற வரத்துப்பாட்டு வந்ததும் ஓட ஆரம்பிக்கும். கணியான் கூத்து இருக்கிற ஊராக இருந்தால் மந்த மகுடம், உச்ச மகுடம் என்ற இரண்டு மேளங்களும் ஒன்றையொன்று துரத்துவது நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்கும். சாமியாடுகிற கோமரத்தாடி அதுவரை சும்மா நிற்பார். முதலில் கெண்டைக்கால் நடுங்கும், அப்புறம் தோள், அப்புறம்தான் குரல். நடுராத்திரிச் சாமக்கொடையில் சுடலைமாடன் பந்தமும் வல்லயம் என்ற ஈட்டியுமாக வேட்டைக்குப் போகும்போது பின்னாலேயே ஓடாதீர்கள், செல்போன் லைட்டும் அடிக்காதீர்கள். அது பார்க்கிறவர்களுக்காகப் போகிற போக்கு இல்லை.

ஆடுகிறவரிடம் கேள்வி கேட்பதென்றால் எல்லாம் முடிந்து மறுநாள் மத்தியானத்துக்கு மேல் கேளுங்கள். "அண்ணாச்சி, நேத்து என்ன பாத்தீய?" என்று மொட்டையாக ஆரம்பிக்க வேண்டாம். சாப்பிட்டாரா என்று விசாரித்துவிட்டு ஆரம்பியுங்கள். எங்கள் பெரியப்பா சுடலைக்கு ஆடியவர். அவரிடம் நான் கேட்டபோது, "எனக்கு என்னலே தெரியும்? அவன் வந்தான், போனான்" என்றார். அவ்வளவுதான். எதைக் கண்டார் என்று வரையச் சொல்லிக் காகிதமும் பென்சிலும் கொடுத்தேன். சிரித்துவிட்டு வெற்றிலைக்கு மடியைத் துழாவினார்.

அவர் ஆடிய சாமிக்கு முகமே கிடையாது. செங்கல்லும் சாந்தும் பூசி எழுப்பிய பீடம், மேலே சுண்ணாம்பு, சந்தனம், மாலை. இந்தச் சீமையில் அருள் வந்து ஆடுவது பரம்பரை பரம்பரையாக நடக்கிறது, கண்டதைச் சுவரில் வரைகிற பழக்கம் மட்டும் வரவில்லை. ஆகவே அருளிலிருந்து படம் தானாகப் பிறக்கும் என்பதை நான் நம்புவதில்லை. தென்னாப்பிரிக்காவில் வேட்டையாடி வாழ்ந்த சான் மக்களிடம் அது பிறந்திருக்கலாம். 1870-களில் கேப் டவுனில் வில்ஹெல்ம் ப்ளீக்கும் லூசி லாய்டும் அந்த மக்கள் வாயாலேயே கதைகளையும் நம்பிக்கைகளையும் கேட்டு எழுதி வைத்தார்கள். லூயிஸ்-வில்லியம்ஸ் அந்தக் குறிப்புகளையும், பிற்காலத்தில் பார்த்து எழுதிய நோய் தீர்க்கும் ஆட்டங்களையும், மூக்கில் ரத்தம் வடிகிற ஆட்களை வரைந்த பாறை ஓவியங்களையும் சேர்த்து வைத்துப் படித்தார். அங்கே படத்துக்குப் பக்கத்தில் பேசுகிற வாய் இருந்தது. லாஸ்கோவில் வாய் இல்லை. இதை மட்டும் மறக்காதீர்கள், பாதிப் புத்தகங்களைச் சுலபமாக எடை போட்டுவிடலாம்.

நம் ஆட்டத்தை சைபீரியாவின் சாமியாடிகளான ஷாமன்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது புதிசும் இல்லை. இடையன்குடியில் இருந்த பாதிரியார் கால்டுவெல் 1856-லேயே தன் ஒப்பிலக்கணத்தின் பிற்சேர்க்கையில் அதைச் செய்துவிட்டார். அவரைப் படிக்கும்போது பார்த்த இடத்தையும் தீர்ப்புச் சொன்ன இடத்தையும் வேறு வேறு நிறப் பென்சிலால் கோடிடுங்கள். பார்த்தது கூர்மை. தீர்ப்பு பாதிரியாருடையது, சாமியை எல்லாம் பேய் என்று எழுதிவிட்டார்.

கொடை முடிந்த மறுநாள் காலையில் கோயிலைச் சுற்றி ஒரு நடை நடந்து, பத்தாயிரம் வருஷம் கழித்து இதில் எது மிஞ்சும் என்று கணக்கெடுங்கள். உடுக்கின் தோல் போய்விடும். வில், மாலை, கச்சை, மஞ்சள் தண்ணீர், பாட்டு, நடுக்கம் எல்லாம் போய்விடும். கிடா எலும்பு கொஞ்சம், சாம்பல், உடைந்த பானை, துருவாகிப்போன வல்லயம். அந்தக் கணக்கை நோட்டில் வைத்துக்கொண்டு ஆதிச்சநல்லூருக்குப் போங்கள். கண்ணாடித் தளத்துக்குக் கீழே செத்தவர்களைப் புதைத்த தாழிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அங்கே தோண்டி எடுத்ததில் பொன் நெற்றிப்பட்டங்களும் இரும்புச் சூலமும் உண்டு. 2004-05 அகழாய்வில் பெண், கொக்கு, மான், நெற்கதிர் எல்லாம் மண்ணில் செய்து ஒட்டிய உருவங்களாக உள்ள பானை ஓடு ஒன்று கிடைத்தது. அந்தப் பெண் சாமியா, செத்துப்போன தாயா? அங்கேயும் பெயரைக் கையால் மூடிக்கொண்டு பாருங்கள்.

மதம் எங்கே ஆரம்பித்தது என்று விடாமல் கேட்கிறவர்களை நான் குகையை விட்டுவிட்டுப் புதைகுழிப் பக்கம் போகச் சொல்வேன். இஸ்ரேலில் காஃப்ஸே குகையில் சுமார் 90,000 வருஷத்துக்கு முன்னால் புதைத்த ஒரு பிள்ளையின் நெஞ்சுமேல் மான்கொம்பு வைத்திருக்கிறார்கள். லாஸ்கோவைவிடப் பல மடங்கு பழையது, படம் ஒன்றும் இல்லை. இந்தோனேசியாவின் சுலவேசியில் காலம் கணித்த பன்றி ஓவியத்துக்குக்கூடக் குறைந்தது 51,200 வருஷம் என்றுதான் கணக்கு. எங்கள் சுடலையும் சுடுகாட்டைக் காக்கிற சாமிதான் என்பதால் எனக்கு இந்தப் பக்கம் ஒரு சாய்வு உண்டு, அதைக் கழித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கொடைகள் சித்திரை, வைகாசி, ஆடி மாசங்களில் நிறைய நடக்கும். சாமக்கொடை முடிய விடியல் ஆகிவிடும், அந்நேரம் கிராமத்துக்கு பஸ் கிடையாது. ஊரில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையைப் பகலிலேயே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கு வரி கொடுக்கிற ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டால் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்று அவரே சொல்லிவிடுவார்.