பயங்கரவாத அச்சம்: சிந்தனை தடுமாறும் இடங்கள்

பயங்கரவாதத் தாக்குதலில் உயிரிழப்போரைவிட, அதைக் கண்டு அஞ்சுவோர் பல்லாயிரம் மடங்கு அதிகம். தாக்கியவர்கள் குறிவைப்பதும் அந்த அச்சத்தைத்தான். ஆகவே தாக்குதலுக்குப் பிறகு மக்களும் ஊடகங்களும் அரசும் எப்படி நடந்துகொள்கின்றன என்பது, உயிர்களைக் காக்கும் பணியின் ஒரு பகுதியே ஆகும்.

திரையில் எத்தனை முறை பார்த்தோம் என்பதைக் கொண்டு ஆபத்தை அளப்பதே மிகப் பரவலான தவறு. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் ஏறத்தாழ 3,000 பேர் கொல்லப்பட்டனர். கடத்தப்பட்ட விமானங்கள் நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரங்களில் மோதும் காட்சி திரும்பத் திரும்ப ஒளிபரப்பானதைப் பார்த்த பலர், விமானப் பயணத்தைக் கைவிட்டு நெடுந்தொலைவையும் காரிலேயே கடக்கத் தொடங்கினர். விமானத்தைவிடச் சாலைப் பயணம் பன்மடங்கு ஆபத்தானது என்பதால், அடுத்த ஓராண்டில் இந்த மாற்றத்தின் காரணமாகச் சுமார் 1,500 பேர் கூடுதலாகச் சாலையில் இறந்தனர் என ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் மதிப்பிட்டார். அச்சம் பறித்த அந்த உயிர்கள் எந்தத் தலைப்புச் செய்தியிலும் இடம்பெறவில்லை.

இதனால் பயங்கரவாதம் அற்பமானது என்று ஒதுக்கிவிடவும் கூடாது. விபத்து யாரையும் வேவு பார்ப்பதில்லை. பயங்கரவாதியோ காவல் தளரும் இடத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறான். ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் வாழ்வோருக்கு அது அன்றாட ஆபத்து. எங்கே, யாருக்கு, எந்த அளவுக்கு என்று கேட்காமல் ஆபத்தைப் பொதுவாகப் பேசுவதில்தான் பிழை தொடங்குகிறது.

முதல் சில மணி நேரத்துச் செய்திகளை நம்பி முடிவுக்கு வருவது அடுத்த தவறு. 1995இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் 168 பேரைக் கொன்ற குண்டுவெடிப்புக்கும், 2011இல் நார்வேயில் 77 பேரைக் கொன்ற தாக்குதல்களுக்கும் இஸ்லாமியத் தீவிரவாதிகளே காரணம் என்று தொடக்கத்தில் பலர் ஊகித்தனர்; இரண்டிலும் குற்றவாளி அந்தந்த நாட்டின் வலதுசாரித் தீவிரவாதியே. 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் ரயில்களில் குண்டுகள் வெடித்தபோது, தேர்தலுக்கு மூன்றே நாள் இருந்த நிலையில், ஸ்பெயின் அரசு, பாஸ்க் பகுதிக்குத் தனிநாடு கோரிய ஆயுதக் குழுவான ஈட்டா மீது பழிசுமத்தியது, அதுவும் பொய்த்தது. அதிகாரத்தில் இருப்பவர் சொல்வதாலேயே ஊகம் உண்மையாகிவிடாது.

ஒரு சமூகம் முழுவதையும் ஐயுறுவது இவற்றிலும் கொடியது. 2001 தாக்குதல் நடந்து நான்கு நாள்களில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் தலைப்பாகை அணிந்திருந்த சீக்கியர் ஒருவர் முஸ்லிம் என்று தவறாகக் கருதப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். அறத்தை ஒதுக்கிவைத்துக் கணக்கை மட்டும் பார்த்தாலும் இந்த ஐயம் பயன் தராது. பத்து லட்சம் பேரில் பத்துப் பேர் பயங்கரவாதிகள் என்றும், சோதனை முறை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகக் கணிக்கிறது என்றும் கொள்வோம். பத்துப் பேரும் சிக்கக்கூடும். ஆனால் அவர்களுடன் சுமார் 10,000 நிரபராதிகளும் சிக்குவார்கள். அதாவது பிடிபடும் ஆயிரம் பேரில் ஒருவர் மட்டுமே உண்மையான குற்றவாளி. சமயம், பெயர், உடை போன்ற பலவீனமான அடையாளங்களை நம்பினால் நிலைமை இன்னும் மோசமாகும். காவல்துறையின் நேரம் வீணாவதோடு, தகவல் தரக்கூடிய மக்களும் விலகிச் செல்வார்கள்.

அச்சம் உச்சத்தில் இருக்கும்போது சட்டங்களை ஆராயாமல் ஏற்றுக்கொள்வது நீண்டகால விளைவுடைய தவறு. அரசின் கண்காணிப்பு அதிகாரங்களை விரிவாக்கிய அமெரிக்காவின் பேட்ரியாட் சட்டம், 2001 தாக்குதல் நடந்து ஏழு வாரங்களுக்குள் நிறைவேறியது. நாடாளுமன்ற மேலவையான செனட்டில் எதிர்த்து வாக்களித்தவர் ரஸ் ஃபைன்கோல்ட் ஒருவரே. இத்தகைய சட்டம் வரும்போது, இந்தப் பிரிவு முன்பே இருந்திருந்தால் நடந்த தாக்குதலைத் தடுத்திருக்குமா, இதன் பயன்பாட்டை எந்த நீதிமன்றம் மேற்பார்வையிடும், எப்போது காலாவதியாகும் என்று கேட்க வேண்டும். காலாவதித் தேதி இருப்பதாலேயே நிம்மதியடைந்துவிடவும் முடியாது. பேட்ரியாட் சட்டத்தின் பல கண்காணிப்புப் பிரிவுகள் 2005 இறுதியில் முடிவுக்கு வர வேண்டியவை. ஆனால் 2006இல் அவற்றில் பெரும்பாலானவை நிரந்தரமாக்கப்பட்டன. சட்டம் பிறக்கும் நாளில் கேட்ட கேள்விகளை, அது நீட்டிக்கப்படும் நாளிலும் மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டும்.